தவிட்டுக் கிராணியின் இலை

அன்றைக்குக் காலையில் விஸ்வலிங்கம் குரக்கன் என்கிற கேழ்வரகுப் பிட்டின்மேல் முதல்நாள் மீன்குழம்பை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, புளி கொஞ்சம் ஏறிப்போயிற்று என்றார். புளி ஏறவில்லை, மீன் ஓர் இரவு ஊறினால் அப்படித்தான் இருக்கும் என்றாள் வள்ளிநாயகி. அவர் தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினார். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "பின்னேரம் வரேக்கை முருங்கையிலை வாங்கிக்கொண்டு வாறன். நீர் வெயிலுக்கை இறங்கித் திரியாதையும்," என்றார். வள்ளிநாயகி அடுப்படியிலிருந்து ஓம் என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிட்டுக்குழலில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஆகுமுன் நோரிஸ் ரோட்டு வீட்டின் மரப்படிகளில் வேறு யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. துறைமுக அலுவலகத்தில் விஸ்வலிங்கத்துக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் மருதப்பன். எழுதிக்கொண்டிருந்தவர் மேசைமேல் தலையைச் சாய்த்தார், சும்மா சாய்ந்திருக்கிறார் என்று நினைத்தோம் என்றார் மருதப்பன். நெஞ்சு நின்றுபோயிருந்தது. விஸ்வலிங்கத்துக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் அழுதார்கள், பிறகு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அதெப்படி அவருக்கு?

கேட்டதிலும் நியாயம் இருந்தது. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்து யாழ்ப்பாணத்துச் சனங்களில் அவரைப்போல வாயைக் கட்டிச் சாப்பிட்டவர் வேறு ஒருவர் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவருக்குக் கால்கள் வீங்கி, விரலால் அழுத்தினால் விழுந்த குழி மேலே வராமல் கிடந்ததாம். பெரிபெரி என்றார்கள். ஆலையில் தீட்டி வெளுத்த அரிசியால் வந்த வினை. மாட்டுக்குப் போகிற தவிட்டை வறுத்துத் தின்னச் சொன்னார் ஒரு வைத்தியர். தின்றார், வீக்கம் வடிந்தது. அதிலிருந்து அவருக்குத் தவிடு நீங்காத சிவப்பரிசிதான் அரிசி. வெள்ளை அரிசியைக் கண்டால் உரித்துவிட்ட கோழியைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுளிப்பார். அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவருக்குத் தவிட்டுக் கிராணி என்று பெயர். முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவரும் சிரிப்பார்.

மீனிலும் அப்படித்தான். ஜூரோங் பக்கம் பன்றிக் கொட்டிலுக்கு அருகே குளம் வெட்டி வளர்க்கிற கெண்டை, தேக்கா மார்க்கெட்டில் துள்ளத் துள்ளக் கிடைக்கும். அதை வீட்டுக்குள் விடமாட்டார். யார் போட்ட தீனியைத் தின்று கொழுத்ததோ என்பார். கடல் மீன் தன் இரையைத் தானே தேடி, ஓடி, அலையோடு மல்லுக்கட்டி வளர்ந்தது. அதன் கொழுப்பு வேறு, இதன் கொழுப்பு வேறு என்பது அவர் கட்சி. அதிலும் பெரிய மீன் வேண்டாம். மலாய்க்காரர் கெம்போங் என்கிற கும்பளா, சூடை, முள்ளோடு தின்னக்கூடிய நெத்தலி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே போய், அவரே பார்த்து, அவரே வாங்கி வருவார். வள்ளிநாயகி சமைப்பதோடு சரி. ரொட்டி, மாஜரின், டின்பால், சீனி எதற்கும் அந்த வீட்டில் இடமில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் போய்விட்டார். வந்திருந்து கேள்வி கேட்டவர்களில் தொப்பை சரிந்தவர்களும் நாளுக்கு ஆறு கோப்பை பால்தேத்தண்ணி குடிப்பவர்களும் கல்லுக்குண்டாய் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளிநாயகி அவர்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள். கோபம் வரவில்லை. கணக்குத்தான் பிடிபடவில்லை.

விஸ்வலிங்கத்தின் அக்கா இராசேஸ்வரி புக்கிட் மேராவிலிருந்து வந்து, முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை கூட இருப்பதாகச் சொல்லித் தங்கிவிட்டாள். அவளுக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. தவிட்டையும் முள்ளையும் தின்று உடம்பில் சத்தில்லாமல் செத்தான் என்பது அவள் முடிவு. வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னாள். சொல்லும்போது வள்ளிநாயகியைப் பார்க்கமாட்டாள். பார்க்காமல் இருப்பதே ஒரு பார்வைதான்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. சொந்தக்காரரும் அயலவரும் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வெள்ளை வெளேரென்று சம்பாச் சோறு, உருளைக்கிழங்குக் கறி, ரொட்டி, சுடுதண்ணிப் போத்தல் நிறையச் சீனி போட்ட தேத்தண்ணி. துக்கத்தில் இருப்பவளுக்குத் தெம்பு வேண்டும் என்று வாயருகே கொண்டுவந்து பிடித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. ஒரு மிடறு குடித்தாள். பிறகு கோப்பை முழுவதும் குடித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நாக்கில் பட்ட இனிப்பு. அது நன்றாக இருந்தது என்பதே அவளுக்கு அவமானமாக இருந்தது.

இரண்டு மூன்று நாளில் தாகம் பிடித்துக்கொண்டது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கண்ணில் நூல் நூலாய் ஏதோ ஓடியது. உள்ளங்கால் எரிந்தது. எழுந்தால் முழங்கால் இரண்டும் தன்னுடையவையாக இல்லை. பெண்சாதி அழுது அழுது காய்ந்துபோனாள் என்றார்கள் வந்தவர்கள். புருஷனோடு அவள் உயிரும் பாதி போய்விட்டது என்றார்கள். வள்ளிநாயகியும் அப்படித்தான் நம்பினாள். துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும்போலும். இதற்குமுன் அவளுக்கு இவ்வளவு பெரிய துக்கம் வந்ததில்லையே, ஒப்பிட்டுப் பார்க்க.

ஆனால் அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய் இருந்தது. அது அந்த நாட்களில் அவளுக்கே மறந்துபோயிருந்தது. அவளுடைய அம்மாவுக்கும் அதே வருத்தம். கால்விரலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் ஏறி ஏறி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வள்ளிநாயகிக்குக் கண்டுபிடித்தபோது டொக்டர் பரமசிவம் நீல மருந்துக் குழாயில் அவளுடைய சிறுநீரை விட்டுக் காய்ச்சிக் காட்டினார். நீலம் செங்கல் நிறமாக மாறியது. சாப்பாட்டில் அடங்காவிட்டால் ஆயுள் முழுக்க ஊசி என்றார். சாப்பாட்டில் அடங்கியது. சிவப்பரிசி அளவாக, குரக்கன், கீரை, கடல் மீன், சீனியே இல்லாத தேத்தண்ணி. மாதம் போகப் போகக் குழாயின் நிறம் செங்கலிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பச்சைக்கும் இறங்கியது. டொக்டரே குழாயை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது விஸ்வலிங்கம் கையிலிருந்த குடையைச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

எட்டாம் நாள் வந்தது. எட்டுச் செலவு என்பது அவர்கள் வழக்கம். செத்தவர் உயிரோடு இருக்கையில் என்னென்ன விரும்பிச் சாப்பிட்டாரோ அத்தனையையும் சமைத்து, இலைபோட்டுப் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிடுவார்கள். மீனோ, சுருட்டோ, கள்ளோ, அவருக்குப் பிடித்ததென்றால் இலையில் இருக்க வேண்டும். விட்டுப்போனால் அவர் அந்த ஆசையோடேயே அலைவார். வீட்டில் உள்ளவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் மீனும் இறைச்சியுமான மச்சம் கிடையாது. அன்றைக்குச் செத்தவருக்கு மட்டும் உண்டு.

அன்றுதான் அந்த அடுப்பு மறுபடி எரிந்தது. வள்ளிநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சமைத்தாள். சிவப்பரிசிச் சோறு, கும்பளாப் பொரியல், சூடைமீன் சொதி, முருங்கையிலை வறை. அவருக்குப் பிடித்தது எது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு காலமும் அவர் கேட்டதும் அவள் சமைத்ததும் இவைதானே.

இராசேஸ்வரி ஒரு தட்டில் பயத்தம் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். சின்ன வயதில் இதற்காகத் தம்பி அழுது புரளுவான் என்றாள். வள்ளிநாயகி இலையில் இடம் விட்டாள்.

அப்போதுதான் மருதப்பன் வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று. மற்றக் கையில், கயிறு கட்டிய பழைய பால்டின்னில் தேத்தண்ணி, மேலே நுரை கட்டியிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அண்ணனுக்குப் பிடிச்சதெல்லாம் இன்னிக்கு வைப்பீங்கன்னு சொன்னாங்க. இதுவும் அவருக்குப் பிடிச்சதுதான் லா."

பொட்டலத்தில் பிராட்டா என்கிற பரோட்டா இருந்தது. நெய் மினுமினுத்தது. மேலே தூவிய சீனி பாதி கரைந்திருந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்தால் இருவரும் ஒரு கடைக்குப் போவார்களாம். இரண்டு பிராட்டா, சீனி தொட்டுக்கொண்டு. கெட்டியாய் ஒரு பால்தேத்தண்ணி. தவிட்டுக் கிராணி பிராட்டா தின்கிறார் பார் என்று கடைக்காரன்கூடக் கேலி செய்வானாம்.

வள்ளிநாயகி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினை காலமாய்?"

"அதெல்லாம் ஞாபகம் இல்லக்கா. கொஞ்ச நாளாத்தான்." மருதப்பன் கூரையைப் பார்த்து யோசித்தார். "ரொம்ப நாளாவும் இருக்கலாம்."

"வீட்டிலை ஏன் சொல்லேல்லை?"

"நானும் கேட்டேன். அவளுக்கு ஆகாதுப்பா, நான் உக்காந்து தின்னா அவ பாத்துக்கிட்டு இருக்கணுமேன்னாரு."

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். நன்றாகச் சூடாக இருந்தது. ஓடி வந்திருக்கிறார் மனுஷன்.

இலையின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு காலமும் அவள் ஒன்றை நினைத்திருந்தாள். தவிடும் மீனும் அவருடைய பைத்தியம், அவருக்காகத்தான் தானும் அதைத் தின்றேன், போகிறபோக்கில் தன் வருத்தமும் அடங்கிற்று என்று. இப்போது மருதப்பன் வேறு கதை சொல்கிறார். அப்படியானால் அவளுக்காக அவர் தின்றாரா? பெரிபெரி ஜப்பான் காலத்தில் வந்தது, சரி. கல்யாணமான புதிதில் வீட்டில் சிவப்பரிசி இருந்ததா? இருந்ததுபோலவும் இருந்தது. வெள்ளைச் சோற்றில் அவர் தயிர் விட்டுப் பிசைந்த ஒரு மத்தியானமும் நினைவுக்கு வந்தது. அது இந்த வீடா, முன்பிருந்த கிந்தா ரோட்டு வீடா? முதலில் வந்தது அவருடைய கொள்கையா, அவளுடைய வருத்தமா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஆள்தான் இருந்தார். அவருக்குத்தான் இலை போட்டிருக்கிறது.

அதற்குள் இராசேஸ்வரி கட்சி மாறிவிட்டாள். வெளியில் கண்டதையும் தின்றுதான் தம்பி செத்தான் என்று மருதப்பனிடம் பொரிந்தாள். காலையில்தானே சத்தில்லாமல் செத்தான் என்றீர்கள் என்று வள்ளிநாயகிக்குக் கேட்கத் தோன்றியது. அவள் மனசும் அந்த எட்டு நாளில் பத்துத் தரம் கட்சி மாறியிருந்தது. தின்றதால் செத்தாரா, தின்னாமல் விட்டதால் செத்தாரா, இரண்டும் இல்லாமல் சும்மா செத்தாரா.

பிராட்டாவைக் கும்பளாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பால்டின்னை இலையின் நுனிக்கு நேரே வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவளுக்குக் கூடம் சாய்ந்தது. விழுமுன் மருதப்பன் பிடித்துக்கொண்டார்.

துக்கம் தாங்கவில்லை, முகத்தில் தண்ணீர் தெளியுங்கள், சீனித் தேத்தண்ணி கொடுங்கள் என்று கூடத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். இராசேஸ்வரி கோப்பையோடு வந்தாள். கீழே உட்கார்ந்திருந்த மருதப்பனின் கண்ணில் வள்ளிநாயகியின் பாதம் பட்டது. குதிகால் வெடிப்பில் ஈரம் கசிந்து, சுற்றிலும் சிவந்திருந்தது. இதென்னக்கா என்றார் அவர். தெரியாது என்றாள் அவள். உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. கால் எரிவதும் துக்கத்தில் சேர்த்தி என்று எண்ணியிருந்தவள் குனிந்து பார்க்கவேயில்லை. இப்போது பார்த்தாள். அம்மாவின் கால் நினைவுக்கு வந்தது. கோப்பையை ஒதுக்கினாள்.

அன்று பின்னேரமே டொக்டர் பரமசிவத்திடம் போனார்கள். இராசேஸ்வரியும் கூட வந்தாள். டொக்டர் குழாயைக் காய்ச்சினார். நீலம் தயங்காமல் செங்கலுக்குப் போயிற்று.

செத்த வீட்டில் என்ன சாப்பிட்டீர் என்று கேட்டார். சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, காலைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டினார். இரண்டு வாரத்துக்குள் நிறம் இறங்காவிட்டால் ஊசிதான், புண் ஏறினால் ஊசியும் போதாது என்றார். இன்றிலிருந்தே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பச் சொன்னார்.

வள்ளிநாயகி எழுந்திருக்கவில்லை.

"அவரும் அதைத்தானே டொக்டர் சாப்பிட்டவர்."

டொக்டர் இராசேஸ்வரியின் பக்கம் திரும்பி, உங்கள் தகப்பனார் எப்படிச் செத்தார் என்று கேட்டார். புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றவர் விழுந்து செத்தார், நாற்பது நாற்பத்தொன்று இருக்கும் என்று இராசேஸ்வரி சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அதாயும் இருக்கலாம். தம்பி தகப்பனைவிடக் கொஞ்சக் காலம் கூட இருந்திட்டார். மீனாலையோ, தவிட்டாலையோ, சும்மாவோ, எனக்குத் தெரியாது," என்றார் டொக்டர். குழாயைத் தாங்கியில் வைத்தார். "மீன் தின்னிறவன் சாகமாட்டான் எண்டு நான் எங்கையும் படிக்கேல்லை. நீர் தின்னாமல் விட்டால் என்ன நடக்கும் எண்டது இதிலை இருக்கு."

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவள் கேட்டது ஒன்று, அவர் சொன்னது இன்னொன்று. ஆனால் செங்கல் நிறம் கண்ணுக்குள் நின்றது.

மறுநாளிலிருந்து அயலவர் கொண்டுவந்த சோற்றைக் கும்பிட்டு வாங்கி, வந்திருப்பவர்களுக்கு வைத்தாள். தனக்குக் குரக்கன் கிண்டினாள், அவித்த பயறும் கீரையும் எடுத்துக்கொண்டாள். முப்பத்தொன்று வரைக்கும் மீன் இல்லை. அதை அவள் மீறவில்லை. பசித்தது. பசியும் தாகமும் துக்கமும் ஒன்றோடொன்று கலந்து, எந்த நேரத்தில் எது வருகிறதென்று தெரியாமல் வந்து போயின. சில நாள் அழுதால் தாகம் அடங்கியது. சில நாள் கீரை தின்றபிறகு அழுகை வந்தது.

அந்தியேட்டி முடிந்த பிறகு, புக்கிட் மேராவுக்குத் திரும்பப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த இராசேஸ்வரி, வள்ளிநாயகி மார்க்கெட்டுப் பையை எடுப்பதைப் பார்த்தாள். கட்டினவன் போனபிறகு மச்சத்தை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது உன் இஷ்டம் என்று முதலில் பொதுவாகச் சொன்னாள். பிறகு நேராகவே கேட்டாள்.

"அவன் திண்டும் செத்தான். நீ திண்டு என்ன காணப்போறாய், வள்ளி?"

"தெரியாது மச்சாள்," என்றாள் வள்ளிநாயகி. "எனக்குக் கால் வேணும்."

தேக்கா மார்க்கெட்டுக்குள் அவள் மீன் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. தரையெல்லாம் ஈரம். கட்டுப்போட்ட காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். ஒரு கடையில் எல்லா மீனும் ஒரே மாதிரிக் கிடந்தன. எல்லாவற்றின் செவுளும் சிவப்பு, எல்லாவற்றின் கண்ணும் பளபளப்பு. அவர் எதைப் பார்த்து எடுத்தார்? வீட்டில் வந்து ஆயிரம் சொல்வார். அவள் கேட்டதில் பாதியை அடுப்புச் சத்தம் விழுங்கிவிட்டது. மீன்கார மலாய்க்காரர் அவளுக்குத் தெரியாதவர். எந்த மீன் வேண்டும் என்று மலாயில் பொறுமையாகக் கேட்டார். அவள் ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்தாள். சேற்று வாடை. வைத்துவிட்டாள். இன்னொன்றை எடுத்தாள். உப்பும் பாசியும் கலந்த ஏதோ ஒன்று. இதுதானா? அவருடைய கட்சிப்படி இதுதான் ஓடி நீந்தியதா? அவளுக்குள்ளேயே ஒருவர் சரி என்றும் ஒருவர் இல்லை என்றும் சொன்னார்கள். கும்பளா போலத் தெரிந்ததை எடுத்து, நிறுக்கச் சொன்னாள்.

பொரித்ததில் பாதியைத் தின்றாள். முள் எடுக்கவே நேரம் சரியாக இருந்ததால் அழவில்லை.

அந்தியேட்டிக்கு முன்பே, சொன்ன இரண்டு வாரத்தில் டொக்டர் காய்ச்சியபோது குழாய் மஞ்சளில் நின்றிருந்தது. அதற்கு அடுத்தமுறை பச்சை. குதிகால் புண் காய்ந்து தோல் மூடியது. டொக்டர் சாப்பாட்டைப் பாராட்டினார். அவள் தலையாட்டினாள். தாகம் போயிற்று, கண்ணில் நூல் ஓடுவது நின்றது, முழங்கால்கள் மறுபடி அவளுடையவையாயின. போனதில் எவ்வளவு சீனி, எவ்வளவு துக்கம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. உடம்பு நன்றாக இருந்த நாட்களில்தான் அவர் இல்லாதது சரியாகத் தெரிந்தது. எல்லாம் தெளிந்தபிறகு எஞ்சியிருந்தது எதுவோ அதுதான் துக்கம்போலும் என்று ஒருநாள் நினைத்தாள். மறுநாள் அதுவும் நிச்சயமில்லாமல் போயிற்று.

மருதப்பன் அவ்வப்போது வந்து விசாரித்துப் போவார். ஒரு வியாழக்கிழமை, கீழே தெருவில் கெம்போங் மீன் நல்லதாக வந்திருக்கிறது, நாளைக்குக் காலையில் வாங்கிவந்து தரட்டுமா அக்கா என்று கேட்டார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றாள் வள்ளிநாயகி. அவர் இருந்த காலத்திலிருந்தே வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டில் மீன் இல்லை.